தொட்டிக்கு ஓட்டை போட்டவன்

மீன் கழிவு என்ன சுவை என்று எனக்குத் தெரியும். தோட்டத்துத் தொட்டியின் அடியில் சேரும் கசடை, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி வெளியே இழுத்துவிடும் வேலையை இரண்டு வருடம் செய்தவன் நான். குழாயைத் தண்ணீருக்குள் அமுக்கி நிரப்பி, கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்தால் வாயே வைக்க வேண்டாம் என்பதை மூன்றாவது வருடம்தான் ஒருவர் சொன்னார். அதற்குள் பாட்டம் டிரெயின் வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

தொட்டி எட்டடிக்கு ஆறடி, மூன்றடி உயரம். தரைக்கு மேலே எழுப்பியது. உள்ளே கொளத்தூரில் வாங்கிய ஆறு கோய் மீன்கள்.

"ஒழுகக் கூடாதுன்னு அத்தனை காசு கொட்டிப் பூசினீங்க. இப்ப காசு கொடுத்து நடுவுல ஓட்டை போடப் போறீங்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். அதனாலேயே பதில் சொல்லவில்லை.

பிளம்பர் தம்பி வந்து பார்த்தார். "ரெண்டு இன்ச் பைப் போதும் சார். மேல பாத்ரூம் ஜாலி ஒண்ணு போட்ருவோம்."

அந்த ஜாலி வேண்டாம் என்றேன். ஒரு மாவிலை வந்து உட்கார்ந்தால் அதன் கதை முடிந்தது. தவிர, அது வாய்க்கு நேரே வந்த அழுக்கை மட்டுமே விழுங்கும். பாட்டம் டிரெயினுக்குக் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு மூடி உண்டு. அதன் விளிம்புக்கடியில் உள்ள இடுக்கு வழியாக நாலா பக்கமிருந்தும் தண்ணீர் தரையோடு ஊர்ந்து வரும். அழுக்கும் கூடவே வரும். தரை அதை நோக்கிச் சரிந்திருந்தால்தான் வரும். என் தொட்டித் தரையோ தோசைக்கல்.

சரிவு பூசச் சம்மதித்தவர், நான் கேட்ட நாலங்குலக் குழாய் விஷயத்தில் மட்டும் அசையவில்லை. "நாலுக்கு ரெண்டு, பாதிதானே சார் கொறையுது?" பாதியில்லை தம்பி, ரெண்டங்குலக் குழாய் நாலு சேர்ந்தால்தான் பரப்பில் ஒரு நாலங்குலம் என்று சிமெண்ட் தரையில் வட்டம் போட்டுக் காட்டினேன். "சார் வாத்தியாரா?" என்றார். கூலியில் ஐம்பது ரூபாய் ஏற்றினார்.

குழாய் வெளியே ஒரு நீல டிரம்முக்குப் போகிறது. கசடு அங்கே படியும், மோட்டார் அதற்கப்புறம். முன்பு மோட்டார் தொட்டிக்குள்ளேயே கிடந்தது. கழிவை மிக்ஸியில் அடித்த மாதிரி ரசமாக்கி, மீன்களுக்கே திரும்பப் பரிமாறிக்கொண்டிருந்தது.

மாமனார் புதுக்கோட்டைப் பக்கம். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்க கண்மாய்க் குமிழிதானே மாப்ளே" என்றார். குமிழித் தூம்பில் மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. பாசனத்துக்குத் தண்ணீர் போகும்போதே வண்டலும் வயலுக்குப் போய்விடும். நான் வெளிநாட்டுச் சாமான் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

டிரெயின் வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. மீன் வெளியேற்றும் அமோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகத் தண்ணீரில் நேரே கரைகிறது. அதை எந்த ஓட்டையும் பிடிக்காது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரம்மைக் கழுவ இரண்டு வால்வுகள். தொட்டியிலிருந்து வருவதை மூடிவிட்டு, வாழைப்பாத்திக்குப் போவதைத் திறக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட வேண்டியதை மூடாமல், திறக்க வேண்டியதை மட்டும் திறந்தேன். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. மைத்துனர். பெண்ணுக்கு வரன் விஷயம். நாலங்குலக் குழாய்க்கு நாலாயிரம் லிட்டர் பத்து நிமிடம் தாங்காது. பையனுக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்கையில் வாழைக்குக் கணுக்கால் வெள்ளம். ஓடிப் போய்ப் பார்த்தால், மூடியைச் சுற்றி ஆறு மீன்களும் ஒருக்களித்துப் படுத்து என்னைப் பார்த்தன.

மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பொங்கல் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது என்பது மட்டுமே அன்றைய நல்ல செய்தி. ஆறும் பிழைத்தன. வரன் தட்டிப்போயிற்று.

இப்போது முதல் வால்வில் சிவப்பு நெயில்பாலிஷால் "மூடு" என்று அவள் கையெழுத்து. கழுவும் நேரத்தில் என் செல்போன் அவளிடம். ஆகவே ஞாயிறு காலை ஏழிலிருந்து ஏழேகால் வரை யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.