பால்ல தண்ணி பாத்த கிராணி பேசுறேன்

வாப்பா பேராண்டி, உக்காரு. கொமுட்டர் இன்னைக்கும் லேட்டா? கே.எல். சென்ட்ரல்ல ஏறி கிள்ளான்ல எறங்குறதுக்குள்ள அரைப் புஸ்தகம் படிச்சிடலாம்னு சொன்னியே, படிச்சியா? இல்ல, அங்காசபுரி தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டியா? கன்னத்துல பை வாரு பதிஞ்சிருக்கு. நான் ஒண்ணும் கேக்கல, சும்மா சொன்னேன்.

உங்கம்மா தெங்கு கிளானா ரோட்டுல பூ வாங்கப் போனாக்கூட "எம்மகன் அக்கவுண்டன்ட்"டுங்கிறா. மொதல்ல அவ வாயைக் கட்டு. 1967-ல போட்ட சட்டப்படி, மலேசிய அக்கவுண்டன்ட் கழகத்துல பேரு பதியாதவன் அப்படிச் சொல்லிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே? பதியறதுக்கு உன் ஏ.சி.சி.ஏ. படிப்புல 13 பேப்பர் தாண்டணும், 36 மாசம் வேலை பாத்த கணக்கும் காட்டணும். அதுக்கு வருஷத்துல நாலு தடவை பரீட்சை: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். நம்ம மாரியாத்தாகூட வருஷத்துக்கு ஒரு தடவைதான்டா தீ மிதிக்கச் சொல்றா.

இன்னொண்ணு கேளு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல உன் ஆபீசுக்குப் போற வழியில விவேகானந்தா ஆசிரமம் இருக்கே, அது தொடங்குனது 1904. லண்டன்ல எட்டுப் பேரு கூடி உன் ஏ.சி.சி.ஏ. சங்கத்தை ஆரம்பிச்சதும் அதே 1904. ஒரு எடத்துல எதையும் என்னுதுன்னு எண்ணாதேங்கிறான். இன்னொரு எடத்துல அடுத்தவன்து அத்தனையும் எண்ணுங்கிறான். நீ நடந்த வேகத்துல கேட்டு மாறிப் பூந்துட்டே, பரவால்ல.

எண்ணுறதுன்னதும் ஞாபகம் வருது. டிசம்பர் 31 ராத்திரி ஊரே வாணம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நீ ஆடிட்டுக்காகத் துறைமுகத்துக் கிடங்குல பெயிண்ட் டின்னு எண்ணுனே. பொங்கலுக்கு வரல. தைப்பூசத்துக்கு பத்துமலைக்கும் வரல. டிசம்பரோட வருஷம் முடியுற கம்பெனி ஆறு மாசத்துக்குள்ள கணக்கை பங்குக்காரங்களுக்கு அனுப்பணும், அப்புறம் 30 நாள்ல கம்பெனி பதியுற எஸ்.எஸ்.எம்.ல போடணும்னு சட்டமாம். சட்டம் உன் பாஸுக்கு ஆறு மாசம் குடுக்குது. பாஸு உனக்கு ஆறு நாள் குடுக்குறாரு. மிச்சம் அஞ்சு மாசத்துச் சொச்சமும் எங்க போச்சுன்னு மட்டும் ஆடிட் பண்ணிப்புடாதே, வேலை போயிடும்.

உன் தொழில் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ரப்பர் தோட்டத்துல பால் நிறுக்குற எடத்துல நானும் கிராணியா நின்னவன்தான். காலையில ஒவ்வொருத்தரா வாளியைத் தூக்கிட்டு வருவாங்க. நிறுத்துட்டு, மெட்ரோலாக்னு ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள்ள விடுவேன். கெட்டிப் பால்ல அது ஆழமா முங்கும். தண்ணி சேந்திருந்தா மேல எம்பி நிக்கும். ரப்பரு தண்ணியை விட லேசு, அதான் சூட்சுமம். ஒரு பொம்பள நிறைமாசம். அவ வாளியில குழாய் எம்பி நின்னுச்சு. நான் அவ முகத்தைப் பாக்காம நோட்டைப் பாத்தேன். கறாரான கிராணின்னு எனக்குப் பேரு.

சரி, அந்தத் தராசைச் சோதிக்க யாரு வந்தா? ஒருத்தரும் வரல. அது தெனமும் ஆளுக்கு ரெண்டு ராத்தல் முழுங்குச்சு. தொழிலாளி தண்ணி ஊத்துனா திருட்டு. தராசு முழுங்குனா அதுக்கு "கழிவு"ன்னு பேரு. கழிவுக்குன்னு என் நோட்டுல தனியா ஒரு கட்டமே இருந்துச்சு, நல்லா கோடு போட்டு வச்சிருந்தேன்.

அதனாலதான் போன வாரம் உன் கதையைக் கேட்டதும் பூரிச்சுப் போனேன். லோரி டிரைவர் டோல் ரசீது தொலைச்சுட்டான், நாலு வெள்ளி. அதுக்கு மூணு இமெயில் போட்டியாமே, சபாஷ்! அதே கம்பெனியில டைரக்டரு நாலு லட்சம் வெள்ளி எடுத்திருக்காரு. அதுக்கு நீ எழுதுனது, "நிர்வாகத்தின் விளக்கம் பெறப்பட்டது." எவ்வளவு மரியாதையான பிள்ளை! பெருந்தொகையைத்தான் மொதல்ல நோண்டணும்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு நீயே சொன்னே. புஸ்தகம் கெடக்குது. நாலு வெள்ளி எதுத்துப் பேசாது. நாலு லட்சம் உனக்கு மீகோரேங் வாங்கித் தரும். வாங்கித் தந்தாரா இல்லியா? முட்டை போட்டா, போடாமலா?

கோவிச்சுக்காத. நீ இப்படியே போனா சீக்கிரம் மேல வந்துடுவே. எனக்கும் ரெண்டே வருஷத்துல பெரிய கிராணி வேலை குடுத்தாங்க.

என்ன முறைக்கிறே? தராசு முழுங்குறது தெரிஞ்சும் தாத்தா ஏன் வாயைத் தொறக்கலன்னா? அடேங்கப்பா, இப்பதான்டா ஆடிட்டர் மாதிரி கேக்குறே. திங்கக்கெழமை அந்த டைரக்டர்கிட்டயும் இதே மொகத்தோட கேளு. எங்கிட்ட வேணாம், எனக்குப் பசிக்குது.

இந்தா கெழவி, உம்பேரனுக்குத் தோசை எண்ணி வை. குறைஞ்சா இமெயில் போடுவான்.