முதல்ல போணி ஆகட்டும்

வெள்ளைக்காரனுக்கு எதையும் உதைக்காமல் ஆரம்பிக்கத் தெரியாது. கூட்டம் தொடங்கினால் ‘கிக் ஆஃப்’. திட்டம் கிளம்ப மறுத்தால் ‘கிக் ஸ்டார்ட்’. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுத்தால் ‘பிரேக் தி ஐஸ்’. அவசரப்பட்டு முந்திக்கொண்டால் ‘ஜம்ப் தி கன்’, அதாவது ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாய்ந்துவிடுவது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கினால் ‘ஃப்ரம் ஸ்க்ராட்ச்’; ஓடுகிறவர்கள் நிற்பதற்காகத் தரையில் கீறிய கோடுதான் அந்த ஸ்க்ராட்ச். உதை, உடை, சுடு, கீறு! ஒரு வேலையை ஆரம்பிக்கிறார்களா, அடிதடிக்குக் கிளம்புகிறார்களா?

இந்தப் பட்டியலை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலிருந்து கொண்டுவந்து எங்கள் திருத்தணி வீட்டில் உருப்போட்டுக்கொண்டிருந்தவன் என் அக்கா மகன். சென்னையில் இன்டர்வியூவாம்.

“இதெல்லாம் சொன்னாத்தான் மாமா வேலை குடுப்பாங்க.”

“ராதாகிருஷ்ணன் இதே ஊர்ல 1888-ல பொறந்து, ஆக்ஸ்ஃபோர்டுல போய் வெள்ளைக்காரனுக்கே பாடம் நடத்துனாரு. அவரு எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போனாரு?”

“அவரு பெரியவரு மாமா. எனக்கு மாசம் இருபதாயிரம் வந்தாப் போதும்.”

ஐஸை உடைப்பதென்றால், உறைந்த நீரில் கப்பல் போக வழி பண்ணுவது என்று விளக்கினான். வெயில் கணக்கில் வேலூரோடு போட்டி போடும் ஊர் எங்களுடையது. சித்திரையில் மலையேறி இறங்கியவனிடம் ஐஸை உடை என்று சொன்னால் நேரே சர்பத் கடைக்குத்தான் போவான்.

“நாம மட்டும் தேங்கா உடைக்கலையா?” என்று மடக்கினான். நியாயமான கேள்விதான். புது வண்டியை மலைக்குக் கொண்டுவந்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் நாமும் நகர்வதில்லை. ஆனால் உடைத்த தேங்காய் வீட்டுக்கு வந்து சட்னியாகிறது. அவர்கள் புதுக்கப்பலை நீரில் விடும்போது ஷாம்பெய்ன் பாட்டிலைக் கப்பல் மேலேயே அடித்து உடைக்கிறார்கள். ஒரு வாய்கூடக் குடிக்காமல்! இந்த ஊதாரித்தனத்தை எந்தக் குடும்பஸ்தனும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

எங்கள் பக்கம் எதுவும் தொடங்குவது போணியில்தான். மலையடிவாரத்தில் காலையில் கடை திறந்த கையோடு “போணி நேரம் சார், இல்லேன்னு சொல்லாதீங்க” என்பார்கள். அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்ந்து பாருங்கள். வசவு தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். போணி யாருடைய சொல் என்று யாரும் வழக்குப் போடவில்லை. ஊர் யாருடையது என்றுதான் வழக்கு. ம.பொ.சி. போராட, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்தத் தேதியைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நாம் விளையாடுவதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். நகரியிலிருந்து வரும் தெலுங்குக்காரருக்கு இன்றும் எங்கள் கடைத்தெருவில் எல்லை தெரிவதில்லை. அவர் ஸ்ரீகாரம் சுற்றித் தொடங்குகிறார், நாம் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிறோம். பேனா எப்படியும் ஒரு சுற்று சுற்றியாக வேண்டும்.

நம்மிடம் உள்ள கோளாறு வேறு. ஆரம்பித்துவிட்டாலே முடித்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. மாடியில் ஓர் அறை கட்ட நினைத்தேன். ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் கழித்து ஒரு புதன்கிழமை கிடைத்தது. மேஸ்திரி முதல் செங்கல்லுக்கு மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், அட்வான்ஸ் வாங்கினார். பிறகு ஆளைக் காணோம். போன் போட்டால், “அதான் பூஜை போட்டாச்சே சார், வேலை ஆரம்பிச்ச மாதிரிதானே?” ஆடியும் வந்துவிட்டது. ஆடியில் எப்படிக் கட்டுவது? மஞ்சள் பூசிய செங்கல்லின் மேல் இப்போது பூனை படுக்கிறது. உதைத்துத் தொடங்குவதில் ஏதோ நன்மை இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கே தோன்றியது அப்போதுதான். பந்தையல்ல.

இருந்தாலும் தொடக்கம் என்றால் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள முடியாது. முத்துசாமி தீட்சிதர் முதல் கிருதி பாடியது இந்த மலையில்தான். முருகன் பெரியவர் வேடத்தில் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டு போட்டானாம், பாட்டு வந்ததாம். அந்தப் பாட்டு மாயாமாளவகௌளை ராகம். பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை சரளி வரிசையைத் தொடங்குவதும் அதே ராகத்தில். உதையில்லை, வெடியில்லை, ஒரு துண்டு கற்கண்டு. இன்டர்வியூவில் இதைச் சொல்லேன் என்றேன். “சுகர் இருக்கான்னு கேப்பாங்க மாமா” என்றான்.

ஆங்கிலப் புத்தாண்டையே இங்கே வேறு மாதிரிதான் தொடங்குகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ஜனவரி 1 என்றால் பழமும் மாலையுமாகத் துரை பங்களா வாசலில் நிற்பது வழக்கம். துரைகளுக்கெல்லாம் துரை தணிகைமலையில் இருக்கும்போது இதென்ன கூத்து என்று வள்ளிமலை சுவாமிகள் கூட்டத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அப்படி வந்ததுதான் டிசம்பர் 31 படித்திருவிழா. மலைக்கு 365 படி, நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். துரைக்கு ஒரு சலாம் போட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு முழங்கால் வலிக்க ஏறுகிற ஜனம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

ஒருமுறை எனக்கு முன்னால் ஏறிய ஒரு பொடியன் பாட்டியிடம் கேட்டான்: “லீப் வருஷத்துல பிப்ரவரி இருபத்தொம்பதுக்கு எந்தப் படி பாட்டி?”

பாட்டி இடுப்பில் கை வைத்து, மிச்சமிருக்கும் படிகளை அண்ணாந்து பார்த்தாள். “அன்னிக்குப் படி கிடையாதுடா. உக்காந்து மூச்சு வாங்குறதுக்குன்னு சாமி வுட்ட நாளு அது. நீ நவுரு, நான் இப்பவே உக்காந்துக்கறேன்.”