யாரும் கேட்காத கேள்விகள்

தொண்ணூறுகளில், சென்னையில் கணக்கு மென்பொருள் விற்ற ஒரு கம்பெனியில் கையேடு எழுதும் வேலை எனக்கு. சப்போர்ட் மேஜையில் ஒரு நீள நோட்டு கிடக்கும். போனில் வரும் கேள்வியை அதில் எழுதுவார்கள். அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. ஏப்ரல் முதல் வாரத்தில் கோடு போட இடம் இருக்காது. "புது வருஷக் கணக்கைத் திறந்தா பழைய பாக்கியையே காணோமே சார்!" சௌகார்பேட்டையிலும் சிவகாசியிலும் ஒரே பதற்றம். அடுத்தபடியாக, பில்லின் கடைசி வரி மறுதாளில் போய் விழும் டாட் மேட்ரிக்ஸ் விவகாரம்.

கோடு நிறைய விழுந்தவை கையேட்டின் பின்னால் கேள்வி-பதிலாக அச்சேறும். எங்கள் சீனியருக்கு அதுவும் பிடிக்காது. "இத்தனை பேர் கேக்கறான்னா, அந்த அத்தியாயத்துலயே இருந்திருக்கணும். இல்லன்னா ஸ்கிரீன்லயே சொல்லியிருக்கணும். கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வைக்காதே!" பாக்கி விஷயம் ஆண்டு முடிவு அத்தியாயத்துக்குக் குடிபோனது, பின்பக்கத்தில் ஒரு கேள்வி குறைந்தது. பட்டியல் இளைப்பதுதான் அவருக்குப் பெருமை.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில் தொகுப்பது எங்கள் கண்டுபிடிப்பல்ல. எண்பதுகளின் தொடக்கத்திலேயே நாசாவின் யூஜின் மியா, விண்வெளி பற்றிய மின்னஞ்சல் குழுவில் புதியவர்கள் பழைய கேள்விகளையே கேட்பதைப் பார்த்து, பதில்களைத் திரட்டி அவ்வப்போது அனுப்பிவந்தார். கேட்டவர்கள் நிஜ மனிதர்கள்.

இப்போது அந்தத் தொல்லை கிடையாது. செயலி வெளியாகுமுன்பே 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' தயார். முதல் கேள்வி: "உங்கள் செயலி ஏன் மற்றவற்றைவிடச் சிறந்தது?" இத்தனை இனிமையாகப் பேசிய வாடிக்கையாளரை நான் போனில் சந்தித்ததே இல்லை. "பணம் பிடிச்சுட்டீங்க, எப்ப திரும்ப வரும்?" என்பதைச் சேர்க்கலாமா என்றேன். "அது நெகட்டிவா இருக்கு சார்" என்றார் மார்க்கெட்டிங் தம்பி.

பிரிட்டன் அரசின் இணையதளம் இந்த வகைப் பக்கமே வேண்டாம், தகவலை அதற்குரிய இடத்தில் எழுதுங்கள் என்கிறது. நம்மவர்களுக்கு கூகுள் சொன்னால்தான் வேதம். தேடல் முடிவில் கேள்வி-பதில் விரிந்து தெரியும் என்றதும், ஆளில்லாத கேள்விகள் ஊரெல்லாம் முளைத்தன. 2023 ஆகஸ்டில் அந்தச் சலுகையை, பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிக்கொண்டது. முளைத்தவற்றைப் பிடுங்கத்தான் யாரும் இல்லை.

வாடிக்கையாளர் உண்மையில் என்ன கேட்கிறார் என்று பார்க்க, சப்போர்ட் டிக்கெட்டுகளைத் திறந்துவிடச் சொன்னேன். அது வேறு துறையாம். அனுமதி வாங்கும் முறை, ஊழியர்களுக்கான 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கத்தில் இருக்கிறதாம்.