புருஷாமிருகத்துக்கு இடுப்பு எங்கே? துணிப்பொம்மையியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: பத்மநாபபுரம் கோட்டைக்குள் ஒரு வீட்டுத் திண்ணை. காலம்: நவராத்திரிக்கு முந்தைய பதினோரு நாட்கள். கருவிகள்: ஊசி ஒன்று, கறுப்பு நூல்கண்டு ஒன்று, ஒரு பழைய தலையணையின் இலவம்பஞ்சு, துணி வெட்டும் கத்திரி ஒன்று. இந்தக் கத்திரி மத்திச் சாளையின் வாலையும் வெட்டியது என்ற உண்மை ஆய்வின் மூன்றாம் நாளில், பூனையின் நடத்தையிலிருந்து தெரியவந்தது. ஆய்வாளர் பணி ஓய்வு பெற்றவர். ஊசியில் நூல் கோக்க மட்டும் பேத்தியின் கண்களைக் கடன் வாங்குபவர்.

ஆய்வுச் சிக்கலை முன்வைத்ததும் அந்தப் பேத்திதான். "தாத்தா, எல்லா வீட்டுக் கொலுவிலயும் செட்டியார் இருக்காரு, தசாவதாரம் இருக்கு. நமக்கு ஒரு புருஷாமிருகம் தச்சுத் தாங்க."

கேட்டதில் நியாயம் உண்டு. மகா சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தில் கோயில்கள் பன்னிரண்டு. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அந்த வரிசையில் ஏழாவது கல்குளம் நீலகண்டசுவாமி கோயில். கல்குளம் என்பது எங்கள் ஊரின் பழைய பெயர். ஊர் பெயரை மாற்றிக்கொண்டது, தாலுகா மாற்றிக்கொள்ளவில்லை. ஆக, புருஷாமிருகம் எங்கள் தெரு வழியே ஓடிய ஆள். ஆள் என்பதா, விலங்கு என்பதா? இவ்வாய்வு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

கதை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: தருமரின் யாகத்துக்காகப் பீமன் புருஷாமிருகத்தைத் தேடிப் போனான். அழைத்துவரப் போனான் என்று சிலர், பால் கறந்துவரப் போனான் என்று சிலர். (பெயரிலேயே புருஷன் இருக்கப் பால் எப்படி என்ற கேள்வியைப் பேத்தி எழுப்பினாள். அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பதில் சொல்லப்பட்டது.) அது தீவிர சிவபக்தர். திருமாலின் பெயர் காதில் விழக்கூடாது. பீமனோ "கோபாலா, கோவிந்தா" என்று கத்திக்கொண்டு போனான். துரத்தியது. கண்ணன் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு ருத்திராட்சங்களில் ஒன்றைப் பீமன் கீழே போட்டான். அது சிவலிங்கமாயிற்று. புருஷாமிருகம் நின்று, குளித்து, பூசை செய்துவிட்டு மறுபடி துரத்தியது. இப்படிப் பன்னிரண்டு இடம். இன்றும் பக்தர்கள் அதே "கோபாலா, கோவிந்தா"வைக் கூவிக்கொண்டு, கையில் பனையோலை விசிறியோடு, நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் ஓடுகிறார்கள். சிவன் கோயிலுக்குள் கோவிந்தா என்று கத்த உரிமை உள்ளவர்கள் அந்த ஒரு நாள் அவர்கள்தான்.

தையல் அறிந்தவர் இந்தக் கதையைக் கேட்டால் உடனே ஒன்று விளங்கும். பீமன் போனது ஓட்டுத்தையல்: ஊசி முன்னாலேயே போகும், இடையிடையே வெற்றிடம் விடும், நூலை இழுத்தால் மொத்தமும் சுருங்கும். புருஷாமிருகம் போட்டது பின்தையல்: முன்னே வரும், ஓரடி பின்னால் போய்க் குத்தும், பிறகே நகரும். நேரம் பிடிக்கும், ஆனால் பிரியாது. சிவாலய ஓட்டம் என்பது பன்னிரண்டு இடத்தில் முடிச்சுப் போட்ட ஒரு நீண்ட தையல் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. மறுப்பவர்கள் சிவராத்திரியன்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து மறுக்கட்டும்.

இனி இடுப்பு.

கற்பனை விலங்கு எதுவானாலும் அது ஒட்டுத்துணி வேலைதான். எங்கே ஒட்டுவது என்பதில்தான் இனங்கள் பிரிகின்றன. பிள்ளையாரும் நரசிம்மரும் கழுத்துக் கட்சி. ஒரே வட்டத் தையல், சட்டைக் காலர் வைக்கத் தெரிந்தவர் யாரும் முடித்துவிடலாம். காமதேனுவும் கழுத்துக் கட்சிதான், ஆனால் அங்கே துணி தலைகீழ்: மேலே பெண் முகம், கீழே மாடு. சிதம்பரத்தின் வியாக்கிரபாதர் முழங்கால் கட்சி. பூசைக்குப் பூப்பறிக்க மரமேறுவதற்காகப் புலிக்கால் கேட்டு வாங்கியவர், தேவைக்கு மேல் ஒரு அங்குலம் புலி வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அவரைத்தான் புருஷாமிருகம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை ஏற்றால் என் வேலை இரண்டு காலுறையோடு முடிந்திருக்கும். யாளி எந்தக் கட்சியிலும் சேராது. சிங்க உடம்பில் யானைத் துதிக்கை என்று வெட்டுத்துணி மூட்டை முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். அர்த்தநாரீசுவரர் நெடுக்குக் கட்சி: உச்சியிலிருந்து பாதம்வரை நேர்கோட்டுத் தையல். நேர்கோடு சுலபம் என்று நினைப்பவர் மூக்கை இரண்டு துணியில் தைத்துப் பார்க்கவும்.

எகிப்தில் கீசா பாலைவனத்தில் மனிதத் தலையும் சிங்க உடம்புமாக ஒன்று படுத்திருக்கிறது. ஏறத்தாழ 73 மீட்டர் நீளம். அது ஒரே பாறையில் செதுக்கியது, தையல் கிடையாது. ஆகவே இவ்வாய்வுக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை.

புருஷாமிருகம் இடுப்புக் கட்சி என்பது பேத்தியின் முடிவு. காரணம் கேட்டேன். "பூச பண்ணக் கை வேணும்லா தாத்தா? ஓடக் காலு நாலு வேணும்லா?" கை இரண்டு, கால் நான்கு, ஆக உறுப்பு ஆறு. ஆறு என்றால் பூச்சியினம் அல்லவா என்று ஆய்வாளர் தயங்கியதை அவள் பொருட்படுத்தவில்லை.

இடுப்பில் தைப்பது என்று ஆனதும் மொழியிலேயே ஒரு கிழிசல் தெரிந்தது. புருஷாமிருகம் வந்தாரா, வந்ததா? தொல்காப்பியர் மக்களை உயர்திணையில் வைத்தார். மற்றதெல்லாம் அஃறிணை. நன்னூலார் தாராளமானவர், தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டார். நரகத்தில் இருப்பவனுக்குக் கிடைத்த இடம், பாதி மனிதனான சிவபக்தருக்கு இல்லை. இளமைப் பெயர் இன்னும் மோசம். மரபியல்படி மனிதக் குட்டி குழவி அல்லது மகவு, புலிக்குட்டி குருளை. என் பொம்மை ஒரு சாண் உயரம். இடுப்புக்கு மேலே குழவி, கீழே குருளை. மேலே "தூங்குகிறார்", கீழே "வாலை ஆட்டுகிறது". ஒரு வாக்கியத்தில் இரண்டு பயனிலை போட்டுத்தான் அதைப் பற்றிப் பேச முடியும்.

பெயரையும் கவனியுங்கள். புருஷனும் மிருகமும் சேர்ந்தால் புருஷமிருகம் என்றுதான் வரவேண்டும். நாம் புருஷாமிருகம் என்கிறோம். அந்த நடுக் கால் எங்கிருந்து வந்தது? இலக்கணத்தில் விடை தேட வேண்டாம், தையல்கடையில் கிடைக்கும். இரண்டு துணியைச் சேர்க்கும்போது ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள். விடாமல் வெட்டினால் தையல் பிரிந்துவிடும். மனிதனையும் மிருகத்தையும் சேர்க்க விட்ட மடிப்புத்தான் அந்தக் கால்.

துணிக்கு வருகிறேன். மேல்பாதிக்கு வெள்ளைக் காடாத்துணி. கீழ்பாதிக்கு, சென்ற சிவராத்திரிக்கு ஓடிய என் மருமகனின் காவித் துண்டு. துரத்தப்பட்டவன் துணியில் துரத்தியவரைத் தைக்கலாமா என்ற அறச்சிக்கல் இரண்டு நாள் ஓடியது. அதற்குள் வேறொரு சிக்கல் முந்திக்கொண்டது: துண்டில் பாதி ஏற்கெனவே அடுக்களையில் பிடிதுணியாக வேலைபார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே தருமரை அழைக்காமல் முடியாது. கதையின் முடிவில், புருஷாமிருகத்தின் எல்லைக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாகப் பீமன் பிடிபட்டான். வழக்கு தருமரிடம் போனது. தம்பி என்றும் பாராமல், உள்ளே இருந்த பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார் அவர். உலகிலேயே அளவு எடுக்காமல், சாக்குக்கட்டி போடாமல் சொல்லப்பட்ட வெட்டுக்கணக்கு அது ஒன்றுதான். ஒன்றைக் கவனித்தீர்களா? தருமர் வெட்டியது நெடுக்குவாட்டில். பீமனைத் துரத்தியதோ குறுக்குவாட்டில் தைத்த உடம்பு. நெடுக்கும் குறுக்கும் சந்தித்த இடத்தில் இரண்டு பேருக்கும் மோதல் தீர்ந்தது. ஓட்டம் முடியும் திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் நிற்கிறார்: பாதி சிவன், பாதி திருமால், சுத்தமான நெடுக்குத் தையல். அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி அடுக்களையில் முறையிட்டேன். "உள்ள இருக்கது எனக்கு, வெளிய கெடக்கது உங்களுக்கு. தருமரு சொன்னது சரிதான்," என்றாள் மனைவி. பிடிதுணி உள்ளே இருந்தது.

எங்கள் ஊருக்கு இந்த மாதிரித் தீர்ப்பு புதிதல்ல. மார்த்தாண்டவர்மா 1750-இல் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் கொடுத்துவிட்டு, சாமியின் ஆளாக இருந்து ஆண்டார். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரம் போயிற்று. 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு. அரண்மனையைப் பார்த்துக்கொள்வது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. மதில் ஓரமாக நடந்தால் எந்தக் கல்லில் ஒன்று முடிந்து எந்தக் கல்லில் மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நவராத்திரிக்கு எங்கள் சரசுவதியும் இங்கிருந்து கிளம்பி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைவர, திருவனந்தபுரம் போய்த்தான் கொலுவிருந்து திரும்புகிறாள். தையல் என்றால் இதுதான் தையல்.

என்னுடையது அப்படி அமையவில்லை. இரண்டு பாதியையும் தனித்தனியாக உட்புறம் வெளியே தெரியத் தைத்து, வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, பேனாவின் முனையால் குத்திக் குத்திப் புறம் திருப்பி, பஞ்சு அடைத்து, இடுப்பில் சேர்த்தேன். மேல்பாதி கனத்தில் புருஷாமிருகம் முன்னால் கவிழ்ந்தது. பஞ்சைக் குறைத்தேன். மார்பு ஒடுங்கி, பட்டினி கிடந்தவர்போல ஆனார். பஞ்சைக் கூட்டினேன். இடுப்புத் தையல் வாய்பிளந்தது.

தக்கலையில் ஒரு தையல்கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "சாரே, ரெண்டு துணியும் ரெண்டு மாதிரி. காடா விறைச்சு நிக்கும், துண்டு தளந்து போவும். நேரா சேத்தா நிக்காது. உள்ளுக்குள்ள ஒரு பட்டி குடுங்க. ரெண்டையும் பட்டியில தையுங்க." சிற்பிகள் இடுப்பில் ஏன் அத்தனை கனமாக ஆபரணம் செதுக்குகிறார்கள் என்பது அந்தக் கடை வாசலில்தான் எனக்கு விளங்கியது. மனிதனும் மிருகமும் ஒன்றோடொன்று சேர்வதில்லை, இரண்டும் பட்டியோடுதான் சேர்கின்றன. வீட்டில் வந்து இதை அறிவித்தபோது மனைவி வேறொரு சித்தாந்தத்தை முன்வைத்தாள்: "ஒரு வேட்டியக் கட்டிவிட்டா சோலி தீந்துது." உள்பட்டிக் கொள்கை, வெளிவேட்டிக் கொள்கை என்ற இவ்விரண்டில் முன்னதே அறிவியல்பூர்வமானது. நேரமின்மையால் பின்னது பின்பற்றப்பட்டது.

ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணி 1880-இல் ஊசி குத்திவைக்கத் துணியில் ஒரு யானை தைத்தார். பிள்ளைகள் அதைப் பொம்மையாக எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து பெரிய பொம்மைத் தொழிற்சாலையே வந்தது. என் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. பொம்மையாகத் தைத்ததில் இப்போது மூன்று ஊசிகள் குத்தி நிற்கின்றன.

முடிவுகள்: மருமகனின் விசிறியில் கட்டியிருந்த இரண்டு சுருக்குப் பைகளில், திருநீறு வைத்தது இடது முன்பாதமாகவும் காசு வைத்தது வலது முன்பாதமாகவும் ஆயின. கைகள் இரண்டும் காடா. பின்பக்கம், பிடிதுணித் தீர்ப்புப் போக மிஞ்சிய காவி ஒரு காலுக்குத்தான் வந்தது. புருஷாமிருகர் இப்போது கொலுவின் மூன்றாம் படியில், செட்டியார்மேல் சாய்ந்து, மூன்று காலில் நிற்கிறார், அல்லது நிற்கிறது. சரசுவதி பூசைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வாசகர்கள் வீட்டில் காவித் துணி மிச்சம் இருந்தால் கொடுத்துதவுங்கள். அதிகம் வேண்டாம். ஒரு காலுக்குக் கால் மீட்டர் போதும்.