புரிந்ததா என்று கேட்கக் கூடாது



செல்டா என்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அம்மொழியைக் கற்பிக்க விரும்புவோர் பெறும் கேம்பிரிட்ஜ் சான்றிதழ். 1962இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட், பிரிட்டா ஹேக்ராஃப்ட் தம்பதியர் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பில், மாணவர் முன் நின்று பாடம் நடத்துவது 6 மணி நேரமே. “இங்கிலீஷ் தெரிஞ்சவன் இங்கிலீஷ் சொல்லித்தர எதுக்குடா நாலு வாரம்?” என்று அப்பா எழுப்பிய வினாவுக்குத் தொலைபேசியில் மழுப்பலே விடையாகிவிட்டமையால், ஹனோயில் தங்கிப் பயிலும் மகன் அதை இங்கு முறைப்படி விளக்கக் கடமைப்பட்டுள்ளான்.

பயிற்சியின் தலையாய விதி, மாணவரைப் பார்த்து ‘புரிந்ததா?’ என்று கேட்கக் கூடாது என்பதாகும். கேட்டால் எந்த நாட்டு மாணவரும் தலையாட்டிவிடுவர் என்பதும், அத்தலையாட்டலால் ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். ஆகவே அதனிடத்தில் கருத்தறி வினா, அதாவது கற்பித்த தொடரைத் திரும்பச் சொல்லாமல் அதன் பொருளை மட்டும் சோதிக்கும் சிறு வினா, வைக்கப்படுகிறது. ‘யூஸ்ட் டு ஸ்மோக்’ என்பதைக் கற்பித்த பின், “முன்பு புகைத்தாரா? ஒரு முறையா, பல முறையா? இப்போது புகைக்கிறாரா?” என மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். பயிற்சித்தாளைக் கொடுக்கும்போதும், “எழுதப் போகிறீர்களா, பேசப் போகிறீர்களா? தனியாகவா, இருவராகவா?” என்று கேட்டாக வேண்டும். பகலெல்லாம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு மாலையில் வந்து அமரும் பெரியவர்கள் இதற்கும் பொறுமையாக விடை சொல்கிறார்கள்.

31 ஆண்டுகள் அப்பா “என்ன, புரிஞ்சுதா?” என்று கேட்ட வகுப்பறையின் சுவரோரம் வளர்ந்தவனுக்கு இவ்விதி எளிதில் வசப்படவில்லை. அவன் நடத்திய முதல் 40 நிமிடப் பாடத்தில், பின்வரிசையில் இருந்த பயிற்றுநர் தம் தாளின் ஓரத்தில் நான்கு நெட்டுக்கோடும் குறுக்கே ஒரு கோடுமாக மூன்று கட்டுகளும் உதிரியாக இரண்டு கோடுகளும் போட்டிருந்தார். ‘புரிந்ததா’ 17 முறை. அதன்பின் விதி அளவுக்கு மீறிப் படிந்துவிட்டது. தெருவோரத்து முக்காலியில் அமர்ந்து, ச்சா டா எனப்படும் ஐஸ் போட்ட தேநீரைக் கேட்டவன், “சூடா, குளிரா? ஒன்றா, இரண்டா?” என்று சைகையால் சோதிக்கப்போய், சூடாக ஒன்றும் குளிர்ச்சியாக இரண்டும் அருந்தி, மூன்றுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தான்.

உச்சரிப்புப் பாடம் தனிக்கதை. வியட்நாமிய மொழியில் சொல்லின் ஈற்றில் ஸ் ஒலி வராதாகையால் ‘ரைஸ்’ இங்குள்ள மாணவர் வாயில் ‘ரை’ ஆகிறது. தமிழ் நாக்கோ, நம் இலக்கணத்தார் குற்றியலுகரம் என்று பெயரிட்ட குறுகிய உகரத்தின் பழக்கத்தில், அதை ‘ரைஸு’ ஆக்குகிறது. ஆசிரியர் ஓர் எழுத்து மிகையாகவும் மாணவர் ஓர் எழுத்துக் குறைவாகவும் ஒலிக்க, சராசரி எடுத்தால் அரிசி சரியாக வேகும்.

ஆயினும் இதை வேடிக்கையாக மட்டும் கொள்ளுதல் இயலாது. ‘தாய்மொழியாளர் மட்டும்’ என்ற விளம்பரங்கள் இத்தொழிலில் சாதாரணம். தென்கொரியா ஆங்கில ஆசிரியர்க்கு வழங்கும் ஈ-2 விசா, பொது விதியாக, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவர்க்கே உரியது. காரைக் ‘கா’ என்று சொல்லி ரகரத்தை விழுங்கும் லண்டன்காரருக்கு எவரும் கோடு போட்டு எண்ணுவதில்லை.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் “நல்லாருக்கீங்களா?” என்று கேட்பதும், “நல்லாருக்கோம்ப்பா, நீ சாப்டியா?” என்று வருவதும் மேற்படி தலையாட்டல் வகையைச் சேர்ந்தவை என்பது இப்போதுதான் தெரியவருகிறது. எனவே கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதியனுப்புமாறு வேண்டப்படுகிறது: அம்மாவின் சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? டப்பாவில் வெள்ளிக்கிழமை அறை காலியா, நிறைந்திருக்கிறதா? அப்பா மாடிப்படி ஏறுவது ஒரே மூச்சிலா, நடுவில் நின்றா? நிற்பது எத்தனையாவது படியில்?