பார்க்கலாம், தொடக் கூடாது

ரிச்சி தெருவில் வாங்கிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை வீட்டில் செருகியதும் என் விண்டோஸ் லேப்டாப் 931 ஜிபி என்றது. மீதியைக் கடைக்காரர் அமுக்கிவிட்டார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் தன் மேக்கில் செருகிக் காட்டினாள்: சுளையாக 1 டிபி. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறதாம். கூம்பாக அளந்த படிக்கும் தலைதட்டி அளந்த படிக்கும் உள்ள வித்தியாசம்தான். கடைக்காரர் தப்பித்தார். நான்தான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

தங்கை மகனின் கல்யாண வீடியோ, ஒரே ஃபைல், 11 ஜிபி. அதை டிஸ்க்கில் ஏற்றி, "உன் போட்டோக்களையும் இதிலேயே போடு" என்று மகளிடம் கொடுத்தேன். மேக் வீடியோவை அழகாக ஓட்டியது. ஒரு போட்டோவைக்கூட உள்ளே விடவில்லை. டிஸ்க் ஃபைல்களை அடுக்கியிருந்தது என்டிஎஃப்எஸ் முறையில், அது 1993இல் விண்டோஸ் குடும்பத்தில் பிறந்தது. மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. கொலு பொம்மை மாதிரி: பார்க்கலாம், தொடக் கூடாது.

"இதெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்று வந்தான் மகன். அவன் லினக்ஸ்காரன், தலைவலி, காய்ச்சல், கரன்ட் கட் எல்லாவற்றுக்கும் அவனிடம் மருந்து அது ஒன்றுதான். வீடியோவைத் தன் லேப்டாப்பில் இறக்கிவைத்துவிட்டு டிஸ்க்கை லினக்ஸ் முறையான இஎக்ஸ்டி4 ஆக்கி, திரும்ப ஏற்றிக் கொடுத்தான். மேக்குக்கு இப்போது அது கண்ணிலேயே படவில்லை. என் விண்டோஸ் ஒரு படி மேலே போய், டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மாட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்டது. விருந்தாளியின் பேச்சு புரியவில்லை என்பதற்காக அவருக்கு மொட்டையடிக்கட்டுமா என்று கேட்பதுபோல. நான் 'சரி'யை அழுத்தப் போனேன். கணினி எது கேட்டாலும் 'சரி' என்பது அலுவலகத்தில் முப்பது வருஷமாகப் படிந்த பழக்கம். மனைவி கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் தங்கை மகன் பிரம்மச்சாரி.

கடைசியில் பஞ்சாயத்து எக்ஸ்ஃபேட் முறையில் முடிந்தது. 2006இல் வந்தது, 2019இல் அதன் விவரங்கள் வெளியிடப்பட்டு லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மூன்று பேருக்கும் பேசவரும் பாஷை. ஒரே குறை, எழுத எழுதக் குறிப்பேடு வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. 'எஜெக்ட்' கொடுக்காமல் நடுவில் பிடுங்கினால், எதை எங்கே வைத்தோம் என்று முழிக்கும். எனக்கும் அதே வியாதி என்பதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

அப்போதுதான் அம்மா, "எனக்கு டிவியில போட்டுக் குடு" என்றார்.

எங்கள் டிவி பழசு. அதற்குத் தெரிந்தது 1996 காலத்து ஃபேட்32 மட்டும். அதில் ஒரு ஃபைல் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட் வரை இருக்கலாம். ஒரு பைட் கூடினாலும் ஏறாது. ஆக, 4 ஜிபிக்குள் அடங்குமாறு மகன் கல்யாணத்தை மூன்று துண்டாக வெட்டினான். மகள் தன் மேக்கிலிருந்து ஒரு 32 ஜிபி பென்டிரைவில் ஏற்றினாள்.

ரிமோட்டை அழுத்திய அம்மா, "ஏன்டா, ஒண்ணுமே வரலையே?" என்றார். போய்ப் பார்த்தால் மூன்று ஃபைலுக்குப் பதில் ஆறு. மேக் தன் பங்குக்கு ஒவ்வொன்றோடும் புள்ளியில் தொடங்கும் குட்டி ஃபைல் ஒன்றை ஒட்டி அனுப்பியிருந்தது. தலா 4 கேபி. மேக் அதைக் கண்ணில் காட்டாது. டிவிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. பட்டியலில் முதல் மூன்று இடமும் அவற்றுக்கே.

நிஜமான ஃபைலைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், கன்னிகாதானம் எல்லாம் நன்றாகத்தான் ஓடின. "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். டிவி மறுபடியும் பட்டியலுக்குப் போய்விட்டது.

அட்சதை தூவக் கையை உயர்த்தியிருந்த அம்மா அப்படியே என்னைப் பார்த்தார். இரண்டாம் துண்டைத் தேடிப் பிடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆனது.

ஹார்ட் டிஸ்க் இப்போது பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே மனைவி கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "ஃபார்மாட் செய்யட்டுமா என்று யார் கேட்டாலும், என்னைக் கேட்கச் சொல்லவும்."