நட்சத்திரக் குறி

கேள்வி: பயோடெக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே செய்திக்குறிப்பு எழுதித் தருகிறேன். மருந்தை எந்த அளவுக்குப் புகழலாம்?

பதில்: சோதனை முடிவு புகழும் அளவுக்கு! அமெரிக்காவில் ஃபைசரின் லிப்பிட்டார் மாத்திரைக்கு வந்த விளம்பரத்தைப் பாருங்கள். 'மாரடைப்பு அபாயம் 36 சதவீதம் குறைகிறது' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் நட்சத்திரக் குறி. அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் பொடி எழுத்தில் விவரம்: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் தப்பிக்கிறார். ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் போவது சின்ன விஷயமா? அந்த ஒருவரையே முதல் பத்தியில் எழுதுங்கள். பக்கவிளைவையும் அங்கேயே உட்கார வையுங்கள். நட்சத்திரம் வானத்தில் இருக்கட்டும். எலிக்குக் குணமானதை மட்டும் மனிதருக்குக் குணமானதாக எழுதவே எழுதாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும்!